புதுப்பிப்பு: கோனோ வீடரின் சோதனை வடிவம் வயலில் இறங்கியது

கல்லூரி மேக்கர்ஸ்பேஸில் (கருவிகளை வைத்து எதையும் செய்துபார்க்கும் கூடம்) ரெசிடென்சி, அதாவது அங்கேயே இருந்து வேலை செய்யும் வாய்ப்பு, கிடைத்திருக்கிறது, வடிவமைப்பு தீசிஸுக்காகப் பெண்கள் தள்ள எளிதான கோனோ வீடர் (நெல் வரிசைகளுக்கு நடுவே கையால் தள்ளும், பல் வைத்த உருளைகள் உள்ள களையெடுக்கும் கருவி) செய்கிறேன், மாதிரி உருளையை எதில் செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் பிவிசி தகட்டை லேசரில் வெட்டச் சொன்னீர்கள். லேப் பொறுப்பாளர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். லேசர் பட்டால் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கெடுதல், இயந்திரமும் அரித்துப்போகும். 3டி பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும், வெயிலில் வரப்பில் வைத்தால் போச்சு. அதனால் அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் 3டி அச்சிட்டோம். வடிவத்தைச் சோதிக்க மட்டும்தான் இது, இறுதியில் இரும்புத் தகடுதான்.

மன்னார்குடி பக்கம் ஒற்றை நாற்று நடவு வயலில், 25 செ.மீ. இடைவெளியில் ஓட்டிப் பார்த்தோம். உருளை உடையவில்லை. ஆனால் நம்ம டெல்டா களிமண் பற்களுக்கு நடுவே அப்பிக்கொண்டு சுற்றவே விடவில்லை. களையெடுக்க வந்த அக்கா ஒருவர், "தண்ணி கட்டிட்டுத் தள்ளு தம்பி, காஞ்ச சேத்துல எது ஓடும்?" என்றார். கட்டியதும் ஓடியது. (எந்த சிமுலேஷனும் இதைச் சொல்லவில்லை!) அப்புறம், கைப்பிடி உயரத்தை மாற்ற சைக்கிள் சீட் கிளாம்ப் போட்டிருந்தேன், அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பற்களை அகட்டி அடுத்த உருளை அச்சில் இருக்கிறது, சம்பா நடவுக்குள் தயாராகிவிடும்.