புதுப்பிப்பு: பிரிட்ஜ் பிக்கப் மாற்றியாச்சு

ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) எலக்ட்ரிக் கிதாரின் பிரிட்ஜ் பிக்கப் (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கம்பி அதிர்வைப் பிடித்து மின்சிக்னலாக்கும் பாகம்) கீச்சிடுகிறது, கூடவே 'உம்ம்' இரைச்சல், எதை மாற்றலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) அளவிலேயே வரும் ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. செமோர் டங்கன் கம்பெனியின் ஹாட் ரெயில்ஸ் பிக்கப் வாங்கினேன். பிக்கார்டை (பிக்கப்கள் பொருந்தியிருக்கும் முன்பக்கத் தகட்டை) அறுக்கத் தேவையில்லை. பழைய 250 கே பாட்டையே (வால்யூம் குமிழின் 250 கிலோ ஓம் மின்தடையை) விட்டுவைத்தேன், கீச்சும் அடங்கியது. யீஷூன் வீட்டுச் சமையலறை மேசையில் நானே சாலிடர் வைத்தேன். அம்மா முணுமுணுத்தபடி ஜன்னலைத் திறந்துவிட்டார்.

எதிர்பாராதது ஒன்று: நடு பிக்கப்போடு சேர்த்து வாசித்தால் தகர டப்பா மாதிரி மெலிந்த சத்தம். ஃபேஸ் எதிர்மாறு, அதாவது இரண்டு பிக்கப்களின் சிக்னலும் ஒன்றையொன்று அழிக்கின்றன. புது பிக்கப்பின் கறுப்பு, பச்சை ஒயர்களை மட்டும் இடம் மாற்றினேன். உறையில்லாத கம்பி கிரவுண்டிலேயே இருக்கட்டும். சரியாகிவிட்டது. அப்புறம் புதியதன் சத்தம் மற்ற இரண்டு பிக்கப்களின் சத்தத்தையும் அமுக்கியதால், அதன் உயரத் திருகைத் திருப்பிக் கொஞ்சம் இறக்கிவிட்டேன்.