காலைக் குளிரில் எயார் ரைபிள் தாழ அடிக்கிறது, யாராவது சொல்லுங்க

என்னுடைய ரைபிள் ஜனவரியிலிருந்து காலையில் ஒரு இடத்திலும் மத்தியானம் இன்னொரு இடத்திலும் அடிக்குது. ஸ்பிரிங் வகை, 4.5 மி.மீ., குழலை மடித்து லோட் பண்றது, மேலே ஸ்கோப் (குறி பார்க்கிற தொலைநோக்கி). அனுமதிப்பத்திரம் இருக்கு. சுடுற இடம் நுவரெலியா, 1,800 மீட்டருக்கு மேல. 25 மீட்டரில், அடிபட்டால் சாயும் இரும்புத் தட்டு. வெள்ளை பெயின்ட் அடித்திருப்பதால் ஈயத் தடம் நல்லா தெரியும்: பனி விழுந்த காலையில் தட்டின் அடி விளிம்பு, இல்லாட்டி மண்ணுதான். வெயில் ஏறினதும் நடுவில் விழுது. இடது வலது விலகல் இல்லை.

ஸ்கோப்பைப் பிடிக்கிற மவுன்ட்டின் திருகு, ரைபிளின் மரக்கட்டைத் திருகு எல்லாம் இறுக்கியாச்சு. குழலைத் துடைத்தேன். 0.54 கிராம் குண்டை விட்டு வேறு குண்டும் போட்டுப் பார்த்தேன். காகித இலக்கிலும் இதே கதை. மவுன்ட் நகர்ந்திருந்தால் மத்தியானம் பழைய இடத்துக்கே வராது என்பது என் கணக்கு. கடைக்காரர் "ஸ்கோப்பை மாத்துங்க" என்கிறார். அவர் விற்கிறதும் ஸ்கோப்தானே! எனக்குச் சந்தேகம் ரைபிளுக்குள்ளே இருக்கிற தடித்த கிறீஸ் மேல. குளிரில் அது இறுகினால், காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளுற பிஸ்டனின் வேகம் குறையும், குண்டும் மெதுவாகப் போய்த் தாழ விழும்.

மலையில் சுடுறவங்க சொல்லுங்க: முதலில் கிறீஸைக் கழுவி மெல்லியதாகப் போடவா, ஸ்கோப்பை மாத்தவா?