வெளிநாட்டில் படிக்க வந்திருக்கிறீர்களா? சிம் மாற்றும் முன் பல்கலைக்கழக லாகினைச் சரிசெய்யுங்கள்

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. அட்மிஷன் கிடைத்ததும் பல்கலைக்கழகக் கணக்கைத் திறந்து, ஓடிபி வருவதற்கு ஊர் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். இங்கே வந்து புது சிம் போட்டதும் ஓடிபி பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். மெயில், பாடங்கள், கட்டண விவரம் எல்லாம் பெரும்பாலும் ஒரே லாகினில்தான் இருக்கும், ஒன்று பூட்டினால் எல்லாம் பூட்டிவிடும். அதனால் பழைய சிம் வேலை செய்யும்போதே ஆதென்டிகேட்டர் ஆப்பை (சிம் இல்லாமலே போனில் ஓடிபி காட்டும் ஆப்) இணைத்துவிடுங்கள். போன் கைவசம் இல்லாதபோது உள்ளே போக உதவும் பேக்கப் கோடு கொடுத்தால் தாளில் எழுதி வையுங்கள். போனிலேயே சேமித்தால், போன் தொலையும்போது அதுவும் போய்விடும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மாணவர் அட்டையோடு ஐடி ஹெல்ப் டெஸ்க்குக்கு நேரில் போங்கள். தயங்கவே வேண்டாம், அதற்காகத்தான் அங்கே ஆள் இருக்கிறார்கள்.

அடுத்து வைஃபை. பெரும்பாலான இடங்களில் எஜுரோம்தான், அதாவது பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் வைஃபை. பயனர் பெயரை மட்டும் போட்டால் பல இடங்களில் இணையாது. அட் குறியும் பல்கலைக்கழக டொமைனும் சேர்த்து முழுசாகப் போட வேண்டும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அதே லாகின் செல்லும், 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த வசதி இருக்கிறது. பல்கலைக்கழக ஐடி பிரிவின் இணையப் பக்கத்தில் கொடுத்திருக்கும் இன்ஸ்டாலர் வழியாகவே அமையுங்கள். அது சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பதால், அதே பெயரில் யாராவது போலி வைஃபை வைத்தாலும் உங்கள் பாஸ்வேர்ட் அவர்கள் கைக்குப் போகாது.

மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் முன் ஐடி பக்கத்தின் மென்பொருள் பட்டியலைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365, மேட்லேப் (கணக்கீட்டு மென்பொருள்) போன்றவை பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவசம். வீட்டிலிருந்து ஆய்வுக் கட்டுரை திறக்கவில்லை என்றால் பல்கலைக்கழக விபிஎன் (வீட்டிலிருந்தே பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இணைக்கும் வசதி) போடுங்கள், அல்லது நூலகத் தளம் வழியாக உள்ளே போங்கள்.

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். "பேராசிரியருக்கு உதவியாளர் தேவை, வாரத்துக்குச் சில மணி நேரம், நல்ல சம்பளம்" என்று மெயில் வரும். பல நேரம் திருடப்பட்ட மாணவர் கணக்கிலிருந்தே வருவதால் முகவரி உண்மையாக இருக்கும். ஒரு காசோலை அனுப்பி, வங்கியில் போட்டு, அதில் ஒரு பகுதிக்குக் கிஃப்ட் கார்டு வாங்கித் தரச் சொல்வார்கள். கணக்கில் பணம் ஏறியது போலத் தெரியும். சில நாள் கழித்துக் காசோலை திரும்பிவிடும், நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணம். வேலை தேடும் அவசரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளைத்தான் இது குறிவைக்கிறது. பதில் போடாமல் ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள்.

*

அக்கா, படிப்பு முடிந்த பிறகும் இந்தப் பல்கலைக்கழக மெயில் கணக்கு இருக்குமா?

*

அது இடத்துக்கு இடம் மாறும் தம்பி, சில இடங்களில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். கடைசி செமஸ்டரிலேயே கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வங்கி, விசா, வேலை விண்ணப்பம் எல்லாவற்றிலும் சொந்த மெயில் முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.