சேப்பங்கிழங்கு வறுவல் கொழகொழன்னு ஆகுது, மசாலா அடியில் கருகுது. எங்கே தப்பு?

புதுக்கரண்டி:
அரைக்கிலோ கிழங்கு, குக்கரில் 3 விசில். தோலுரிச்சு வட்டமா நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பிசிறி நான்ஸ்டிக் சட்டியில் வறுக்கிறேன். கிளறக் கிளற உடைஞ்சு மசியல் மாதிரி ஆயிடுது, மசாலா தனியா அடியில் கருகுது. கல்யாணப் பந்தியில் போடுற மாதிரி வெளியே மொறுமொறுன்னு, உள்ளே மாவா இருக்கணும். எண்ணெயில் முழுக்கப் போட்டுப் பொரிக்காம வருமா? சில தடவை தொண்டையும் அரிக்குது.

இரும்புச்சட்டி:
பொரிக்காமலே வரும். கெடுவது குக்கரில்தான். 3 விசிலில் சின்னக் கிழங்கெல்லாம் குழைந்துவிடும், அதன்பிறகு எந்தச் சட்டியில் வறுத்தாலும் தேறாது.

வாங்கும்போதே ஒரே அளவுக் கிழங்காகப் பொறுக்குங்கள். பெரிதும் சிறிதும் கலந்தால் ஒன்று வேகும்போது இன்னொன்று கரையும். மண் போகக் கழுவி, தோலோடு, மூழ்குகிற அளவு தண்ணீரில் சாதாரணப் பாத்திரத்திலேயே வேகவிடுங்கள். கொதி வந்து 12 நிமிடத்தில் கத்தியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கி, நடுவில் மட்டும் லேசாகத் தடுத்தால் அதுதான் பதம். உடனே வடித்துத் தட்டில் பரப்புங்கள். சுடுதண்ணீரிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வெந்துகொண்டே இருக்கும். குக்கர்தான் வேண்டுமென்றால் ஒரே விசில், ஆவியையும் உடனே எடுத்துவிட வேண்டும்.

வெதுவெதுப்பாக இருக்கும்போது தோலை உரித்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். இதைத் தவிர்க்காதீர்கள். ஆறும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து இறுகும், மேலே இருக்கும் பிசுபிசுப்பும் காயும். நறுக்கினால் துண்டு கத்தியில் ஒட்டாது. அரை அங்குல கனத்துக்கு வெட்டுங்கள். அதைவிட மெல்லிசானால் திருப்பும்போது உடையும்.

அரைக்கிலோவுக்கு: மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மல்லித்தூள் 1, மஞ்சள்தூள் கால், பெருங்காயத்தூள் கால், உப்பு முக்கால் டீஸ்பூன், அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன், கடலை மாவு 1 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2 டீஸ்பூன். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். கையால் கலக்காமல் பாத்திரத்தைக் குலுக்கிப் பிசிறுங்கள்.

இரும்புச் சட்டியில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை. துண்டுகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி மிதமான தீயில் 5 நிமிடம் தொடாதீர்கள். அடிப்பக்கம் சிவந்தால் தானாகவே சட்டியை விட்டு எழும்பும். வராவிட்டால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். தோசைத் திருப்பியால் புரட்டுங்கள், கரண்டி வேண்டாம். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் ஆகும். மூடி போட்டால் ஆவி இறங்கி மறுபடி கொழகொழப்புதான்.

ரசப்பிரியை:
மேலே சொன்னது சரி, கடலை மாவு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கிழங்கை நன்றாக உலர்த்தியிருந்தால் அரிசி மாவு மட்டுமே போதும். கடலை மாவு சேர்ந்தால் பஜ்ஜி வாசம் வந்து கிழங்கின் ருசியை அமுக்கிவிடும். மசாலா கருகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மிளகாய்த்தூள் சூட்டில் சீக்கிரம் கருகும். முதலில் மஞ்சள்தூள், உப்பு, அரிசி மாவு மட்டும் பிசிறி இரண்டு பக்கமும் சிவக்க விடுங்க. தூளைக் கடைசி 4 நிமிடத்தில் தூவி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் புரட்டினால் நிறமும் நிற்கும். வெறும் மிளகாய்த்தூளுக்குப் பதில் வீட்டுச் சாம்பார்ப் பொடி 2 டீஸ்பூன் போட்டுப் பாருங்க, வத்தக்குழம்புக்கு அதுதான் பொருத்தம். வாயுத் தொல்லைக்குப் பயப்படுகிறவர்கள் தாளிப்பில் அரை டீஸ்பூன் ஓமம் சேர்க்கலாம்.

கிழங்குக்காரர்:
தொண்டை அரிப்புக்குக் காரணம் கிழங்கில் இருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். பச்சையாகத் தோல் சீவினால் கை அரிப்பதும் இதனால்தான். வேகாத கிழங்கில் அரிப்பு அதிகம், அதனால் நடுப்பகுதி வறுபடும்போதாவது முழுசா வெந்தாகணும். கலவை அளவில் வேகவைத்தால் பெரிய கிழங்கு அரைவேக்காட்டில் நின்றுவிடும். "சில தடவை" மட்டும் அரிப்பது பெரும்பாலும் அதனால். வேகும் தண்ணீரில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைச்சு விடுங்க, அரிப்பு குறையும். புளித்தண்ணீரில் கிழங்கு வேக இரண்டு மூணு நிமிஷம் கூடுதலா ஆகும், கத்தியால் குத்திப் பார்த்தே இறக்குங்க.

புதுக்கரண்டி:
நன்றி. முதல் நாள் ராத்திரியே வேகவைச்சு வைக்கலாமா? ஒரு கிலோ பண்ணணும்.

இரும்புச்சட்டி:
தாராளமாக. ராத்திரி முழுக்க வைப்பதானால் தோலோடு, மூடிய டப்பாவில் வைத்து, காலையில் உரித்து அரை மணி காயவிடுங்கள். மசாலாவும் உப்பும் வறுப்பதற்குச் சற்று முன்தான். முன்கூட்டியே பிசிறினால் உப்பு நீர் விடும். ஒரு கிலோவை ஒரே சட்டியில் கொட்டாதீர்கள், இரண்டு தடவையாக வறுங்கள். ரசப்பிரியை சொன்னபடி தூளைக் கடைசியில் போடுவது பெரிய அளவுக்கு இன்னும் நல்லது. கடலை மாவை நான் விடுவதாக இல்லை.