மூடி திறக்காத குண்டான்

பிரேசர் டவுன் சகோதரி:

வீட்டு வேலையின் நடுவே ஒரு வசனம் பிடிபட்ட நேரம் எல்லோருக்கும் இருக்கும். அதை எழுதித் தாருங்கள் என்று நம் ஜெபக்கூட்டத்தில் கேட்டிருந்தேன். பெரிய அற்புதங்கள் வேண்டாம். அடுப்படி, மாடித் தொட்டி, சந்தை, துணி காயும் கொடி, இவற்றின் பக்கத்தில் நடந்தது போதும். கேட்டவள் நான் என்பதால் முதலில் நானே எழுதுகிறேன்.

திருமணமாகிப் பாளையங்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு வந்த முதல் டிசம்பரில் இட்லி மாவு என்னை அழவைத்தது. ஊரில் இரவு கரைத்து வைத்தால் விடியும்போது குண்டானின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும் குளிரில், மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் மூடியைத் திறந்து பார்ப்பேன். மூன்றாம் நாள் இரவு அத்தை அடுப்படிக்கு வந்தார். பழைய கம்பளியால் குண்டானைச் சுற்றிக் கட்டினார். "திறந்து திறந்து பார்க்காதே அம்மா. ஒவ்வொரு தடவையும் குளிரை உள்ளே விடுகிறாய்" என்றார். உப்பை முதலிலேயே போடாமல் மாவு பொங்கிய பிறகு போடச் சொன்னதும் அவர்தான்.

அன்று அது சமையல் குறிப்பு மட்டும்தான். அது வேறொன்றாக மாறியது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, என் மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தியபோது. வேலைக்காக டெல்லி போனவன், அங்கே போய் ஆறு மாதத்தில், இனி இதில் எனக்கு ஒன்றும் இல்லை அம்மா என்று சொல்லிவிட்டான். சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு அதிக வலி. ஞாயிறுதோறும் போன் செய்வேன். போனாயா, வேதம் வாசித்தாயா, அங்கே நம் தமிழ்ச் சபை இருக்கிறதே, விசாரித்தாயா என்று கேட்பேன். ஒரு கட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் போனை எடுப்பதில்லை.

அந்த நாட்களில் மத்தேயு 13ஆம் அதிகாரத்தைத் திருப்பியபோது, பரலோக ராஜ்யத்தைப் புளித்தமாவுக்கு ஒப்பிட்ட ஒரே ஒரு வசனம் கண்ணில் பட்டது. ஒரு பெண் அதை எடுத்து மூன்றுபடி மாவில் வைக்கிறாள், மாவு முழுவதும் புளிக்கிறது. எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டதுதான். ஆனால் அந்தப் பெண் புளித்தமாவை என்ன செய்தாள் என்பதற்கு நம் வேதாகமம் வைத்திருக்கும் சொல்லை நான் அதுவரை கவனித்ததில்லை: அடக்கிவைத்தாள். கலந்தாள், பிசைந்தாள் என்று சொல்லவில்லை. அடக்கிவைத்தாள். மூலமொழியிலும் அந்த இடத்தில் ஒளித்துவைத்தல் என்ற பொருள் தரும் சொல்தான் இருக்கிறது. வைத்த பிறகு அவள் என்ன செய்தாள் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அவள் கை அங்கே விலகிவிடுகிறது. என் கை விலகவில்லை. வாரந்தோறும் மூடியைத் திறந்து குளிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேதத்தில் புளித்தமாவு பெரும்பாலும் நல்ல பெயர் வாங்கியதில்லை. பஸ்காவுக்கு முன் அதை வீட்டைவிட்டே அகற்ற வேண்டும். பரிசேயருடைய புளித்தமாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று சொன்னவரும் இயேசுவே. பவுலும் கொரிந்தியருக்கு அப்படித்தான் எழுதுகிறார். அப்படியிருக்க, ஒதுக்கிவைத்த அந்தப் பொருளை இயேசு எடுத்து, ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, இதுதான் தேவனுடைய ராஜ்யம் என்கிறார். மூன்றுபடி என்று நாம் வேகமாக வாசித்துவிடுகிறோம். மூலத்தில் உள்ள அளவு ஒரு தெருவுக்கே அப்பம் சுடும் அளவு. இயேசு மாவு பிசைகிற வீட்டில் வளர்ந்தவர் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. மரியாளின் அடுப்படியில் நின்று பார்க்காத ஒருவர் இப்படிப் பேசியிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போனை நிறுத்திவிட்டேன். புதன்கிழமைகளில் பேசுகிறோம், சாப்பாட்டைப் பற்றி, அவன் மொட்டை மாடியில் வரும் மயிலைப் பற்றி. ஜெபம் மட்டும் நிற்கவில்லை. நீங்களும் எழுதுங்கள்.

சிவாஜிநகர் பெரியவர்:

சகோதரி, நான் கத்தோலிக்கன். என் மருமகள் உங்கள் கூட்டத்துக்கு வருகிறவள். அவள் படித்துக் காட்டினாள், எழுத வேண்டும் என்று தோன்றியது.

நாற்பது ஆண்டுகளாக ரஸல் மார்க்கெட்டில்தான் எங்கள் வீட்டுக் காய்கறி. 1927இல் கட்டிய கட்டடம். 2012 பிப்ரவரியில் தீப்பிடித்துக் கடைகள் எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுபடியும் அதே இடத்தில் அதே குரல்கள் எழுந்ததையும் பார்த்தேன். எதிரே மரியன்னை பசிலிக்கா. ஆகஸ்ட் 29இல் கொடியேறினால் செப்டம்பர் 8 திருவிழா வரை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே கால் வைக்க இடம் இருக்காது.

மார்க்கெட்டுக்கு வெளியே தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் ஒரு அம்மா உண்டு. எதை வாங்கினாலும் கடைசியில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் பையில் போடுவார். கொசுறு. இப்போது பல கடைகளில் அதையும் எடைபோட்டு விற்கிறார்கள், அவர் இன்னும் விற்பதில்லை.

ஒருநாள் திருப்பலியில் லூக்கா 12ஆம் அதிகாரம் வாசித்தார்கள். இரண்டு காசுக்கு ஐந்து சிட்டுக்குருவிகள். எனக்கு மத்தேயுவில் படித்தது நினைவுக்கு வந்தது, அங்கே ஒரு காசுக்கு இரண்டு. அப்படியானால் இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது எங்கிருந்து வந்தது? பீடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குக் கீரைக்கார அம்மாவின் கை கண்முன் வந்தது. ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாதது. மறையுரைகளில் இதைச் சொல்லியிருப்பார்கள், நான் கேட்காமல் இருந்திருப்பேன். எனக்கு அது மார்க்கெட்டின் வழியாகத்தான் வந்தது. அவற்றில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று அந்த வசனம் முடியும்போது என்னால் நிற்க முடியவில்லை.

காரணம் என் தம்பி. நாங்கள் ஐந்து பேர். கடைசித் தம்பிக்குப் பேச்சு வரவில்லை, நடையும் சரியாக வரவில்லை. உறவுக்காரர்கள் அப்பாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அவர் நான்கு என்பார். கெட்ட மனிதர் அல்ல. விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர். அம்மா அடுப்படியிலிருந்தே ஐந்து என்று குரல் கொடுப்பார். வந்தவர்கள் முன்னால் அது ஒரு சங்கடமான நிமிடமாக இருக்கும். நானும் பள்ளிக்கூடத்தில் நான்கு என்றுதான் எழுதிக் கொடுத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

தம்பி 31 வயது வரை இருந்தான். திருவிழாத் தேர் எங்கள் தெருமுனைக்கு வரும்போது அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். பிறகு நான் தூக்கினேன். தேர் நெருங்கும்போது அவன் என் காதருகே ஒரு சத்தம் எழுப்புவான். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அவன் தட்டு இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. கறிவேப்பிலையைத் தனியாக எடுத்து வைக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன், ஐந்து என்று.

லிங்கராஜபுரம் சகோதரி:

பெரியவர் எழுதியதற்குப் பிறகு என்னுடையது சிறியதுதான். உங்கள் மொழிபெயர்ப்பில் சிட்டுக்குருவி, எங்கள் வேதாகமத்தில் அடைக்கலான் குருவி. சங்கீதம் 84இல் அதற்கு வீடு கிடைத்த கதையும் இருக்கிறது. வீட்டு உத்தரத்தில் அடைக்கலமாக வந்து கூடு கட்டும் பறவைக்கு நம் முன்னோர் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம்!

நான் சொல்ல வந்தது கம்மலின் திருகாணியைத் தொலைத்தது. பட்டப்பகல், ஆனாலும் டார்ச் அடித்துக் கட்டிலின் கீழ் பெருக்கினேன். இயேசு சொன்ன உவமையில் வெள்ளிக்காசைத் தொலைத்த பெண் பகலிலும் விளக்கைக் கொளுத்தியிருப்பாள் என்று அப்போது தோன்றியது. அந்தக் காலத்து வீடுகள் இருட்டானவை, ஜன்னல் சிறியது. தேவனைத் துடைப்பத்தோடு குனிந்து தேடும் ஒரு பெண்ணாகக் காட்ட இயேசுவுக்குக் கூச்சமே இல்லை. திருகாணி கிடைத்தது, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மகாதேவபுரா பக்கத்து அடுக்ககத்திலிருந்து ஒருவர்:

2024 மார்ச் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். முந்தைய ஆண்டு மழை பொய்த்து, எங்கள் வளாகத்தின் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் வறண்டன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. அரிசி கழுவிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கும், துணி அலசிய நீரைக் கழிவறைக்கும் எடுத்துவைத்தோம். பணம் கொடுத்தாலும் டேங்கர் வரும் நேரம் நம் கையில் இல்லை.

ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு டேங்கர் வந்தது. ஓட்டுநர் தர்மபுரிக்காரர், தமிழில் பேசினார். நீர் நிரப்பும் இடத்தில் வரிசையில் நின்று வண்டிக்குள்ளேயே தூங்கி எழுந்ததாகவும், இரண்டு நாளாகக் குளிக்கவில்லை என்றும் சொன்னார். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருந்த மனிதர். அவர் உதடு வெடித்திருந்தது.

வீட்டுக்குள் வந்து குழாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். தாவீது பெத்லெகேம் கிணற்றுத் தண்ணீருக்கு ஆசைப்பட்டு ஒரு வார்த்தை சொன்னான். மூன்று பேர் பெலிஸ்தரின் பாளயத்தைக் கடந்து போய் அதைக் கொண்டுவந்தார்கள். அவன் குடிக்கவில்லை, கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான், இது தங்கள் உயிரை எண்ணாமல் போனவர்களின் இரத்தம் அல்லவா என்று. இரண்டாம் சாமுவேல் 23. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் அந்தக் கதை எனக்குப் பிடிக்காது, கஷ்டப்பட்டுக் கொண்டுவந்ததைக் கொட்டிவிட்டானே என்று கோபம் வரும். அன்று இரவு கோபம் போனது.

காவிரி நீரே இந்த நகரத்துக்குச் சும்மா வருவதில்லை. சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரேகாடனஹள்ளி முதலாக மூன்று கட்டங்களில் மேலேற்றி மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். ஐந்தாம் கட்டத் திட்டம் அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. இப்போது டேங்கர் வந்தால் ஓட்டுநருக்கு ஒரு வாளி வெந்நீரும் சோப்பும் காவலர் அறையில் இருக்கும். எங்கள் வளாகச் சங்கத்தில் பேசி இதை ஏற்பாடு செய்ய நான்கு கூட்டங்கள் ஆயின.

காக்ஸ் டவுன் சகோதரி:

அக்கா, எல்லாவற்றையும் வாசித்தேன். அன்போடு ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2021 மே மாதம் என் கணவர் போனார். ஆக்சிஜனுக்கு அலைந்த அந்த வாரத்தைப் பற்றி எழுத மாட்டேன். எங்கள் ஜன்னலுக்கு நேராக ஒரு மே பிளவர் மரம், அந்த மாதம் இலை தெரியாமல் சிவப்பாகப் பூத்திருந்தது. ஆறுதல் சொல்லப் போன் செய்தவர்களில் ஒருவர், அந்த மரத்தைப் பாருங்கள், கடும் வெயிலில்தான் அது பூக்கிறது, கர்த்தர் உங்களுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறார் என்றார். போனை வைத்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். பல நாள் திறக்கவில்லை. அந்த மரம் எனக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்று இருந்தது.

பிறகு யோபு புத்தகத்தை வாசித்தேன், வேறு எதையும் வாசிக்க முடியாததால். பிள்ளைகளை இழந்தவனிடம் கடைசியில் தேவன் வந்து பேசும்போது எதைக் காட்டுகிறார் என்று பாருங்கள். வரையாடு குட்டி போடுவது, காட்டுக்கழுதை, முட்டையைத் தரையில் விட்டுவிட்டுப் போகும் தீக்குருவி என்கிற நெருப்புக்கோழி, மனிதனே இல்லாத வனாந்தரத்தில் பெய்யும் மழை. எதற்கும் விளக்கம் இல்லை. இதிலிருந்து நீ இதைக் கற்றுக்கொள் என்று ஒரு வரி இல்லை. பார் என்கிறார், அவ்வளவுதான். யோபுவின் நண்பர்கள்தான் எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னார்கள், அவர்கள்மேல்தான் தேவனுக்குக் கோபம் வந்தது.

திரையை விலக்கியபோது பூ உதிர்ந்து நீளமான காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மரம் மரமாக இருந்தது. அதைப் படைத்தவர் பக்கத்தில் இருந்தார் என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். அதனால், இப்படி எழுதும்போது நம் வீட்டில் நடந்ததைப் பற்றி மட்டும் எழுதுவோம். அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு நாம் பாடம் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

பிரேசர் டவுன் சகோதரி:

தங்கையே, நீ சொன்னது சரி. அன்று போன் செய்தவர்களில் நானும் ஒருத்தி. மரத்தைப் பற்றிப் பேசியது நான் அல்ல, ஆனால் நானும் ஏதோ ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு வைத்திருப்பேன். மன்னித்துக்கொள். வரும் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் உன் வீட்டுக்கு வருகிறேன், அந்த ஜன்னல் பக்கம் இன்னொரு நாற்காலி போடு.

பெரியவரின் தம்பியின் பெயரைக் கேட்டு வாங்கி எங்கள் ஜெபக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

அத்தையின் கம்பளி இன்னும் இருக்கிறதா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இருக்கிறது, ஓரம் கிழிந்துவிட்டது. நேற்று புதன்கிழமை. டெல்லியில் குளிர் தாங்கவில்லை என்று மகன் சொன்னான். கிரைண்டர் வாங்கியிருக்கிறானாம், மாவு இரண்டு நாளாக அப்படியே கிடக்கிறதாம். உப்பு எப்போது போட்டாய் என்று கேட்டேன்.