எனிக்மாவுக்கு வேண்டிய ஜா, பெர் ரூன்களை எங்கே தேடுவது?

கருங்காலி (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். டயாப்லோ 2 ரிசரெக்டட் விளையாட்டை ஆஃப்லைனில் தனியாக விளையாடி வருகிறேன். பிளெஸ்ட் ஹேமர் திறனை நம்பி வளர்த்த என் பாலடின் வீரன், மிகக் கடினமான ஹெல் நிலையில் பேல் என்ற கடைசி அரக்கனை வீழ்த்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். இனி அவனுக்கு எனிக்மா கவசம் செய்து கொடுக்க வேண்டும் என்பதே என் ஆசை. மூன்று சாக்கெட் (பதிக்கும் துளை) உள்ள கவசத்தில் ஜா, இத், பெர் என்ற வரிசையில் ரூன் எனப்படும் மந்திரக் கற்களைப் பதித்தால் எல்லாத் திறன்களும் 2 புள்ளிகள் உயரும், ஓட்ட வேகம் 45 சதவீதம் கூடும், எல்லாவற்றுக்கும் மேலாக சோர்சரஸ் பாத்திரத்துக்கு மட்டுமே உரிய, நொடியில் இடம் தாவும் டெலிபோர்ட் திறன் நம் பாலடினுக்கும் கிடைக்கும் என்பதை இங்குள்ளவர்கள் அறிவீர்கள்.

இத் என்னிடம் ஏராளமாக இருக்கிறது. ஜாவும் பெர்ரும் இதுவரை கண்ணில் படவில்லை. மேஜிக் ஃபைண்ட் (அரிய பொருள் விழும் வாய்ப்பு) கூட்டும் பொருள்களை அணிந்துகொண்டு மெஃபிஸ்டோ என்ற அரக்கனைத் திரும்பத் திரும்பக் கொன்று வருகிறேன். தனித்துவப் பொருள்களும் செட் பொருள்களும் நன்றாகவே விழுகின்றன, ரூன்கள்தான் விழுவதில்லை. இடத்தை மாற்ற வேண்டுமா, மேஜிக் ஃபைண்டை இன்னும் உயர்த்த வேண்டுமா என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும். என்னிடம் இரண்டு இஸ்ட் ரூன்களும் ஒரு வெக்ஸும் உள்ளன. அவற்றைப் பெர்ருக்காகச் சேர்த்து வைப்பதா, வேறு எதற்காவது செலவிடுவதா என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

வேங்கை (பதில்):

முதலில் மேஜிக் ஃபைண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் தேடல் முழுவதும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அரக்கன் ஒருவன் சாகும்போது, விழப்போவது வாளா, கவசமா, ரத்தினக்கல்லா, ரூனா என்பதை விளையாட்டு முதலில் முடிவு செய்கிறது. அதன் பிறகுதான், விழுவது வாளாகவோ கவசமாகவோ இருந்தால், அது சாதாரணமானதா, மேஜிக் வகையா, தனித்துவமானதா என்ற தரத்தைத் தீர்மானிக்கிறது. மேஜிக் ஃபைண்டின் செல்வாக்கு இந்த இரண்டாம் படியில் மட்டுமே உண்டு. ரூனுக்குத் தரம் என்று ஒன்று இல்லாததால், 0 சதவீதம் வைத்திருப்பவருக்கும் 400 சதவீதம் வைத்திருப்பவருக்கும் ரூன் விழும் வாய்ப்பு ஒன்றேதான்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரூன்வேர்டு (எனிக்மா போல ரூன்களை வரிசையாகப் பதித்து உருவாக்கும் பொருள்) செய்ய மேஜிக் அல்லாத சாதாரணக் கவசம் தேவை. மேஜிக் ஃபைண்ட் அதிகமாக இருந்தால் சாதாரணமாக விழுந்திருக்க வேண்டிய கவசங்களில் ஒரு பகுதி நீல எழுத்துடன் மேஜிக் வகையாக விழுந்து நமக்குப் பயன்படாமல் போகும். ஆகவே ரூன் தேடும்போது அந்தப் பொருள்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, விரைவாகக் கொல்லவும் உயிருடன் இருக்கவும் உதவுகிறவற்றை அணியுங்கள்.

ரூன் வரவைக் கூட்ட உங்கள் கையில் உள்ள உண்மையான கருவி பிளேயர்ஸ் கட்டளை, அதாவது எத்தனை பேர் ஆடுவதாக விளையாட்டு கணக்கிட வேண்டும் என்று சொல்லும் எண். அது அரக்கன் எதையும் போடாமல் சாகும் வாய்ப்பைக் குறைக்கிறது. தனியாக விளையாடுபவருக்கு அந்தக் கணக்கு ஒற்றைப்படை எண்களில்தான் ஏறும். அதாவது 7 என்று வைத்தாலும் 8 என்று வைத்தாலும் பொருள் விழும் வாய்ப்பு ஒன்றே. 8இல் அரக்கர்களின் உயிர்வலு இன்னும் கூடும். உங்கள் பாலடினால் 7ஐத் தாங்க முடியாவிட்டால் 5 அல்லது 3க்கு இறங்குங்கள். மெதுவாகக் கொன்று அதிகம் பெறுவதைவிட, வேகமாகக் கொன்று சற்றுக் குறைவாகப் பெறுவது பெரும்பாலும் லாபம்.

தும்பை (பதில்):

வேங்கை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இடங்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஆஃப்லைனில் விளையாடுபவருக்கு லோயர் குராஸ்ட்தான் தலைசிறந்த இடம் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாம் அங்கத்தில் உள்ள அந்தப் பகுதியில், எரிந்துகொண்டிருக்கும் தீமூட்டம் ஒன்றின் அருகே உள்ள குடிசைகளுக்குள் சூப்பர் செஸ்ட் எனப்படும் பெட்டிகள் இருக்கும். ஹெல் நிலையில் அவற்றிலிருந்து பெர் வரையிலான ரூன்கள் கிடைக்கும், ஜா கிடைக்காது. ஆஃப்லைனில், கடின நிலையை மாற்றாத வரை வரைபடம் மாறாது என்பதால், வேபாயிண்ட் எனப்படும் பயண மேடைக்குப் பக்கத்திலேயே தீமூட்டம் அமைந்த ஒரு வரைபடம் கிடைக்கும்வரை நிலையை மாற்றி மாற்றி நுழைந்து பாருங்கள். நல்ல வரைபடம் அமைந்துவிட்டால் அதன் பிறகு வேறு நிலைக்குப் போகவே வேண்டாம். பெட்டிகளைத் திறப்பது, சேமித்து வெளியேறுவது, மீண்டும் நுழைவது என்ற அளவில் வேலை முடிந்துவிடும். அரக்கர்களோடு போரிட வேண்டிய தேவை அநேகமாக இல்லாததால் பலவீனமான பாத்திரத்தைக் கொண்டும் இதைச் செய்யலாம். பிளேயர்ஸ் 7இல் வைத்துக்கொள்ளுங்கள். சாவிகளைக் கையில் வைத்திருங்கள், சில பெட்டிகள் பூட்டியிருக்கும். அசாசின் என்றால் சாவி தேவையில்லை.

கவுண்டஸ் என்ற அரக்கியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிளாக் மார்ஷில் உள்ள மறக்கப்பட்ட கோபுரத்தின் ஐந்தாம் நிலவறையில் இருக்கும் அவள், தன் வழக்கமான பொருள்களோடு தனியாக ரூன்களையும் போடுவாள். அந்தத் தனி ரூன்களின் உச்சம் நார்மலில் ரால், நைட்மேரில் ஐயோ (Io), ஹெல்லில் இஸ்ட். ஆனால் ஒரு சாவுக்கு ஆறு பொருள்கள் மட்டுமே விழ முடியும். அவளுடைய வழக்கமான பொருள்கள் முதலில் விழுந்து, எஞ்சிய இடத்தில்தான் ரூன்கள் விழும். பிளேயர்ஸ் எண்ணைக் கூட்டினால் வழக்கமான பொருள்கள் பெருகி ரூன்களுக்கு இடமில்லாமல் போய்விடும். ஆகவே கவுண்டஸிடம் மட்டும் பிளேயர்ஸ் 1இலேயே போவதுதான் சரி. பெர்ருக்காக அவளிடம் போக வேண்டாம். பொருள்களை இணைத்து மாற்றும் கியூப் பெட்டியில் ரத்தினங்களுடன் சேர்க்க வேண்டிய நடுத்தர ரூன்களுக்கு அவளைவிட நம்பகமான இடம் குறைவு.

டிராவின்கால் என்ற இடத்தில் உள்ள சபையினரும், பசு வடிவ அரக்கர்கள் நிறைந்த பசுக்களின் தளமும் வழக்கமான பரிந்துரைகள். சபையினரிடம் பார்பேரியனுக்கே கூடுதல் பயன், அவனுடைய ஃபைண்ட் ஐட்டம் திறன் பிணத்திலிருந்து இன்னொரு முறை பொருள் எடுக்க உதவும். உங்கள் பாலடினுக்குப் பசுக்கள் நல்ல வேட்டை. அங்கே சாதாரணக் கவசங்களும் ரத்தினங்களும் கூடவே கிடைக்கும்.

ஹெல்ஃபோர்ஜ் என்ற பணியையும் மறக்க வேண்டாம். ஹெல் நிலையில் அந்தப் பணியை முடித்தால் ஹெல் (Hel) என்ற ரூன் முதல் குல் வரையிலான 11 ரூன்களில் ஒன்று உறுதியாகக் கிடைக்கும். ஒரு பாத்திரத்துக்கு நிலைக்கு ஒரு முறைதான் என்றாலும், புதிய பாத்திரம் வளர்ப்பவர்களுக்கு அது பெரிய தொகை.

செங்காந்தள் (பதில்):

தும்பை தந்த தகவல்கள் சரியானவை. ஆனால் லோயர் குராஸ்டை மட்டுமே நம்பச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே ஜா கிடைக்காது என்று அவரே சொல்லிவிட்டார். பெட்டிகளைத் திறந்து மூடுவதில் உங்கள் பாலடினின் அனுபவப் புள்ளிகளும் ஏறப்போவதில்லை. எனிக்மாவை அணியவே 65ஆம் நிலை தேவை. அதைத் தாண்டிய பிறகும் வளர்ந்துகொண்டே ரூன் தேட விரும்பினால், அரக்கர்கள் நெருக்கமாக நிற்கும் கேயாஸ் சாங்க்சுவரி, பசுக்களின் தளம், 2022இல் 2.5 பேட்சுடன் வந்த டெரர் ஸோன்கள் (அரக்கர்கள் கூடுதல் வலுப்பெறும் பகுதிகள்) ஆகியவற்றைச் சுற்றி வருவதே மேல். உயர்ந்த ரூன் என்பது கொன்ற எண்ணிக்கைக்குக் கிடைக்கும் பலன். ஒரே இடத்தில் அது ஒளிந்திருப்பதில்லை.

சேர்ப்பதா செலவிடுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். கியூபில் இரண்டு இஸ்டும் ஒரு சாதாரண சஃபையரும் சேர்ந்தால் ஒரு குல். இரண்டு குல்லுக்கு ஒரு வெக்ஸ். அதன் பிறகு ஓம், லோ, சுர், பெர் என்று ஒவ்வொரு படியிலும் இரண்டு கொடுத்து ஒன்று பெற வேண்டும், படிக்கொரு ரத்தினமும் செலவாகும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு பெர்ருக்கு 64 இஸ்ட்கள், ஒரு ஜாவுக்கு 128. வெக்ஸிலிருந்து தொடங்கினால் பெர்ருக்கு 16, ஜாவுக்கு 32. உங்களிடம் உள்ள இரண்டு இஸ்டும் ஒரு வெக்ஸும் அந்த மலையின் அடிவாரத்தைக்கூடத் தொடவில்லை. அவற்றைப் பெட்டியில் பூட்டி வைப்பதால் எனிக்மா ஒரு நாள்கூட முன்னதாக வராது.

அதே வெக்ஸை நான்கு சாக்கெட் உள்ள ஃபிளெயிலில் கோ, வெக்ஸ், புல், துல் என்ற வரிசையில் பதித்தால் ஹார்ட் ஆஃப் தி ஓக் கிடைக்கும். எல்லாத் திறன்களுக்கும் 3 புள்ளிகள், 40 சதவீத மந்திர வேகம், எல்லா எதிர்ப்புச் சக்திகளும் 30 முதல் 40 வரை. ஹேமர் பாலடினுக்கு இதைவிட நல்ல கைப்பொருள் சொல்வது கடினம். இன்று கொல்லும் வேகம் கூடினால் நாளை ஜா விழும் வாய்ப்பும் கூடுகிறது அல்லவா? ஆகவே வெக்ஸைச் செலவிடுங்கள் என்றே நான் சொல்வேன். இஸ்ட்களை வைத்திருங்கள்; உங்கள் கூலிப் படைவீரனுக்கு இன்ஃபினிட்டி என்ற ரூன்வேர்டு செய்ய நினைக்கும் காலம் வந்தால் ஒன்று தேவைப்படும். மேஜிக் ஃபைண்டுக்காக அவற்றை எதிலும் பதிக்க வேண்டாம்.

டெலிபோர்ட் இல்லாமல் காத்திருக்க முடியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. டெலிபோர்ட் சார்ஜ் (குறிப்பிட்ட தடவை மட்டும் பயன்படும் சக்தி) கொண்ட மந்திரக் கோல்கள் ட்ரோக்னன், ஓர்மஸ் ஆகிய வணிகர்களிடம் அவ்வப்போது விற்பனைக்கு வரும். அதை இரண்டாம் ஆயுத இடத்தில் வைத்துக்கொண்டு, சார்ஜ் தீர்ந்ததும் வணிகரிடம் பெருந்தொகை கொடுப்பதற்குப் பதிலாக, ஓர்ட் ரூன் ஒன்றும் சிப்ட் வகை ரத்தினம் ஒன்றும் சேர்த்துக் கியூபில் போட்டால் முழுவதும் நிரம்பிவிடும். கோலைக் கையில் எடுக்கும்போது முதன்மை ஆயுதத்தின் மந்திர வேகமும் கேடயத்தின் பாதுகாப்பும் இல்லாமல் போகும் என்பது குறைதான். ஆனால் மெஃபிஸ்டோவின் சிறைக்கூடங்களைக் கடக்க இது போதும்.

கருங்காலி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெக்ஸை ஹார்ட் ஆஃப் தி ஓக்கில் பதிக்கிறேன். பெர்ருக்கு லோயர் குராஸ்ட், ஜாவுக்குப் பசுக்களும் கேயாஸ் சாங்க்சுவரியும் என்று பிரித்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன். கடைசியாக ஓர் ஐயம். சாக்கெட் இல்லாத ஆர்க்கான் பிளேட் ஒன்றும் மேஜ் பிளேட் ஒன்றும் என்னிடம் உள்ளன, இரண்டும் சாதாரணத் தரம். பொருளில் சாக்கெட் போட்டுத் தரும் லார்சுக்கின் பரிசு ஹெல் நிலையில் இன்னும் மீதமிருக்கிறது. எந்தக் கவசத்தை அவரிடம் கொடுப்பது?

வேங்கை:

ஆர்க்கான் பிளேட்டை லார்சுக்கிடம் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க வேண்டாம். அவர் அந்தக் கவசம் ஏற்கக்கூடிய உச்ச எண்ணிக்கையில் சாக்கெட் போட்டுத் தருவார். ஹெல்லில் கிடைத்த ஆர்க்கான் பிளேட் என்றால் அது நான்கு. நான்கு சாக்கெட் உள்ள கவசத்தில் எனிக்மா அமையாது. மேஜ் பிளேட்டின் உச்சம் மூன்றுதான் என்பதால் அதை அவரிடம் தயங்காமல் கொடுக்கலாம். அணிய 55 வலிமைப் புள்ளிகள் போதும், ஆர்க்கான் பிளேட்டுக்கு 103 வேண்டும். மிஞ்சும் புள்ளிகளை உயிர்வலுவில் போடும் பாலடினுக்கு இந்த வேறுபாடு பெரியது.

லார்சுக்கின் பரிசை வேறொன்றுக்காக வைத்திருக்க விரும்பினால், மேஜ் பிளேட்டுடன் டால், துல், பர்ஃபெக்ட் டோபாஸ் ஆகியவற்றைச் சேர்த்துக் கியூபில் போடுங்கள். கியூப் 1 முதல் 6 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, கவசத்தின் உச்சத்தைத் தாண்டினால் உச்சத்துக்குக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மேஜ் பிளேட்டில் மூன்று சாக்கெட் அமைய ஆறில் நான்கு பங்கு வாய்ப்பு உண்டு; ஆர்க்கான் பிளேட்டில் ஆறில் ஒரு பங்குதான். சுப்பீரியர் என்று பெயரில் இருக்கும் கவசத்தைக் கியூப் ஏற்காது, அதை லார்சுக்கிடம் மட்டுமே கொடுக்க முடியும்.