குடியிருப்பவரின் ஆதரவு நாய்க்குத் தனி டெபாசிட் கேட்கலாமா?

கேள்வி: கலிபோர்னியா ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம், ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி கூடாது என்றுதான் இருக்கிறது. இப்போது குடியிருப்பவர் மனநல ஆதரவுக்கு நாய் வேண்டும் என்று சிகிச்சையாளரின் கடிதம் அனுப்பியிருக்கிறார். மறுக்கலாமா, தனி டெபாசிட்டாவது வாங்கலாமா?

பதில் 1: வாங்காதீர்கள். வீடு தருவதில் பாகுபாட்டைத் தடுக்கும் ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் ஆதரவு நாய் செல்லப்பிராணிக் கணக்கில் வராது, அதனால் நாய்க்கென்று கட்டணமும் கிடையாது. எதையாவது கடித்துக் குதறினால் வழக்கமான டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளலாம்.

பதில் 2: கடிதத்தைப் பாருங்கள். அங்கே 2022 முதல், ஆதரவு நாய்க்குக் கடிதம் தருபவர் பொதுவாக 30 நாளாவது அவருக்குச் சிகிச்சை அளித்திருக்க வேண்டும். என்ன நோய் என்று மட்டும் கேட்காதீர்கள், அது அவர் அந்தரங்கம்.

கேட்டவர்: சரி, நன்றி. அப்புறம் குரைக்கிறது என்று பக்கத்து வீட்டார் புகார் சொன்னால்?

பதில் 1: எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்தவருக்கு இடைஞ்சல் கூடாது என்ற விதி அவருக்கும் உண்டு.